பெட்டியில் பயணிக்கும் தரவு: ஏன்? எப்படி?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவிடம் 80 டெராபைட் பதிவுகள் சேர்ந்திருந்தால், விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அவற்றை இணையம் வழியே கிளவுடில் ஏற்ற ஏறத்தாழ 74 நாள்கள் ஆகும். 2015இல் அமேசான் அறிமுகப்படுத்திய ஸ்னோபால் போன்ற பெட்டிகள் இதற்காகவே வந்தன: தரவை நகலெடுத்து, பெட்டியையே கூரியரில் அனுப்பிவிடலாம்.

கணினிக்கும் பெட்டிக்கும் இடையிலான 10 கிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் 80 டெராபைட்டையும் நகலெடுக்கும் வேலை சுமார் 18 மணி நேரத்தில் முடியும். பெட்டி, ஸ்விட்ச், கேபிள், கணினியின் நெட்வொர்க் கார்டு நான்கும் அந்த வேகத்தைத் தாங்க வேண்டும். ஒன்று மட்டும் 1 கிகாபிட்டாக இருந்தாலும் வேலை ஒரு வாரத்தைத் தாண்டும்.

சாதாரண ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு ஏறக்குறைய 200 மெகாபைட்தான் படிக்கும். எனவே பல டிஸ்க்குகளிலிருந்து ஒரே நேரத்தில் நகலெடுக்க வேண்டும். சிறு கோப்புகளை ஒன்றாகக் கட்டினால், ஒவ்வொன்றையும் திறந்து மூடும் நேரம் மிச்சமாகும்.