கணனியில் இடம் போதாவிட்டால்

சில காலத்துக்கு முன்பு எமது காரியாலயக் கணனி இடம் போதாது என்று அறிவித்தது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணி உறுதிகள், அனுமதிப்பத்திரங்கள், பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஸ்கான் செய்து அதில்தான் வைத்திருந்தோம். உதவிக்கு வந்த பிள்ளை ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், பழைய கோப்புகளை அழிக்கத் தொடங்கினார். நாம் கண்டு நிறுத்துவதற்குள் ஒரு கிராமத்தின் பிரதிகள் முழுவதும் போய்விட்டன. திரும்ப வாங்கிப் பிரதி எடுக்கச் சென்றபோது, மூன்று குடும்பங்களின் மூல உறுதிகள் அதற்கிடையில் வெள்ளத்தில் ஊறிப் பாழாகியிருந்தன.

ஊர் நிலையத்திலோ வீட்டிலோ கணனி வைத்திருப்போருக்கும் இந்த நிலை வரலாம். அழிக்கு முன் செய்யக்கூடியவை பல உண்டு.

முதலில், இடத்தை நிரப்பியது எது என்று பார்க்க வேண்டும். ஏ4 அளவுத் தாளொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிறத்தோடு ஸ்கான் செய்தால் ஏறத்தாழ 26 மெகாபைட் வரும். அதையே சுருக்கி ஜேபெக் படமாகச் சேமித்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மெகாபைட்டுக்குள் அடங்கும். பக்கத்துக்கு 2 மெகாபைட் என்று வைத்தாலும், 500 கிகாபைட் வன்தட்டில் இரண்டரை இலட்சம் பக்கங்கள் கொள்ளும். ஆகவே உறுதிகள் கணனியை நிரப்புவதில்லை. திருவிழா வீடியோக்களும் கைத்தொலைபேசிப் படங்களுமே நிரப்புகின்றன. எமது கணனியிலும் அதுவே நடந்திருந்தது.

அடுத்து, உள்ளே இருக்கும் பிரிவுகளைப் பாருங்கள். ஒரே வன்தட்டை வரம்பு கட்டிய வயல்போல இரண்டாகப் பிரித்து, 'சி' என்றும் 'டி' என்றும் பெயரிட்டிருப்பார்கள். 'சி' நிரம்பி வழியும்போது 'டி' வெறுமையாய்க் கிடப்பதுண்டு. அப்படியானால் பிரதிகளை 'டி'க்கு மாற்றிவிட்டாலே போதும், காசு செலவில்லை. வரம்பையே தள்ளி வைக்க விரும்பினால் விண்டோஸில் அதற்கு வசதி இருக்கிறது. ஆனால் 'சி'க்கு உடனே வலப்பக்கத்தில் உள்ள துண்டு எவருக்கும் ஒதுக்கப்படாத வெறும் இடமாக இருந்தால் மாத்திரமே அது நீளும். அதற்காக 'டி'யை நீக்கினால் அதில் உள்ள யாவும் போய்விடும். விளைந்த வயலில் வரம்பை வெட்டுவதற்கு முன் கதிரை அறுத்துக் களத்தில் சேர்ப்பதுபோல, 'டி'யில் உள்ளவற்றை முதலில் வேறொரு தட்டுக்குப் பிரதி செய்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விண்டோஸ் தன் தேவைக்கு வைத்த சிறு துண்டு இருந்தால் அதில் கை வைக்காமல் அனுபவமுள்ளவரைக் கூப்பிடுங்கள்.

உண்மையிலேயே இடம் இல்லையென்றால் இன்னொரு வன்தட்டு வாங்கலாம். மேசைக் கணனிக்குள் பெரும்பாலும் அதைப் பொருத்த இடமிருக்கும். மின்சாரத்தை முற்றாகக் கழற்றிவிட்டு, தரவுக்கு ஒன்றும் மின்னுக்கு ஒன்றுமாக இரண்டு வயர்களைப் பொருத்த வேண்டும். திறக்கப் பயமானால் வெளியிலிருந்து யூஎஸ்பி வயரால் இணைக்கும் தட்டு போதும். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டாயின், முதற்தடவை கணனி கேட்கும்போது 'ஜிபிடி' என்ற முறையைத் தெரிவு செய்யுங்கள். பழைய 'எம்பிஆர்' முறையில் 2 டெராபைட்டுக்கு அப்பாலுள்ள இடம் பயன்படாது. 1 டெராபைட் தட்டு கணனியில் 931 கிகாபைட் என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. உற்பத்தியாளர் ஆயிரத்தாலும் விண்டோஸ் 1024ஆலும் கணக்கிடுவதால் வரும் வித்தியாசம் அது. (1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வன்தட்டில் ஐம்பது பெரிய தட்டுக்கள் சுழன்றன. அத்தனையிலும் கொண்டது ஐம்பது இலட்சம் எழுத்துக்கள்தான்.)

ஏற்கெனவே தரவுள்ள பழைய தட்டை இணைக்கும்போது "போர்மட் செய்யவா?" என்று கணனி கேட்கக்கூடும். ஒருபோதும் ஆம் என்று சொல்லாதீர்கள். அந்தக் கேள்வி பெரும்பாலும் தட்டு பழுதடைந்ததன் அறிகுறி.

அநியாய மலிவாக விற்கும் 2 டெராபைட் பென்டிரைவ்களை நம்ப வேண்டாம். உள்ளே சில கிகாபைட்டே இருக்கும், கணனிக்கு மட்டும் பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். பிரதியாவதுபோலத் தோன்றும், திறந்தால் ஒன்றும் இராது. எதை வாங்கினாலும் நிறைய நிரப்பி, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி தட்டு வேகமானது. ஆயினும் மின் இணைப்பின்றி ஆண்டுக்கணக்கில் அலுமாரியில் வைப்பதற்குச் சுழலும் தட்டே மேல்.

பெரிய தட்டுக்கு எல்லாவற்றையும் மாற்றிய பின் பழையதை விற்றுவிடாதீர்கள். இடம் பெருகியதே தவிர, இருப்பது இன்னும் ஒரே பிரதிதான். தட்டு விழுந்தால் யாவும் ஒன்றாகப் போகும். நாம் இப்போது பழைய தட்டில் பிரதி எழுதி, வேறொரு ஊரில் வைத்திருக்கிறோம்.

அந்த மூன்று குடும்பங்களுக்கு வழி முற்றாக அடைபடவில்லை. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்வதால், அங்கே உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம். ஸ்கான் பிரதி சட்டத்தில் உறுதிக்கு ஈடாகாது. ஆனால் தேடுவதற்கு வேண்டிய உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவை அதில் இருக்கும். இம்மூன்றையும் ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள்.