உடனுறை பகை

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட், பூஞ்சை இனத்தைச் சார்ந்த நுண்ணுயிராகும். அவ்வினத்துள் காண்டிடா ஆல்பிகன்ஸ் என்பதொன்று மக்களின் வாயிலும் குடலிலும் தீங்கின்றி உடன் வாழ்வதுண்டு. உடல்வலிமை குன்றியவிடத்து அதுவே பகையாக மாறும். உருண்டை வடிவை விடுத்து நூல்போல் நீண்டு, உடலைத் துளைத்து உட்புகும். குருதியிற் கலப்பின் உயிர்க்கும் இறுதி நேரலாம்.

இப்பகையை ஒழிக்க மருத்துவர் தரும் மருந்துகளுள் ஒன்று ஃபுளூகோனசோல். பூஞ்சையின் உயிரணுவைச் சூழ்ந்த மென்சவ்வு செவ்வனே உருவாகாதபடி அது தடுக்கும். ஆயின், பூஞ்சை வாளா இருப்பதில்லை. சில பூஞ்சைகள் மருந்து பற்றும் இடத்தின் வடிவையே மாற்றிக்கொள்ளும். சில, உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துவிடும். மருந்துக்கு ஆற்றாதவை மடிய, எதிர்த்து நின்றவை பெருகும்.

ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுக்கப்பெற்று, 2009ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பெற்ற காண்டிடா ஆரிஸ் மருந்தை எதிர்ப்பதில் வல்லது. 'ஆரிஸ்' என்னும் இலத்தீன் சொல் 'காதினது' எனப் பொருள்படும். இது மருத்துவமனைக் கட்டிலிலும் கருவிகளிலும் பன்னாள் உயிர்தரித்துப் பிறரைத் தொற்றும். உடலுள் பரவிய காண்டிடாவை எதிர்க்க வழங்கும் முதன்மையான மருந்து வகைகள் மூன்றே. அம்மூன்றிற்கும் அடங்காத ஆரிஸும் காணப்பட்டுள்ளது. 2022இல் உலக சுகாதார நிறுவனம், மிக்க கவனத்திற்குரியனவாக வகுத்த நான்கு பூஞ்சைகளுள் இதனையும் சேர்த்தது.

புதுமருந்து காண்டல் அரிது. உள்ள மருந்தைப் பேணல் நம் கையில் உள்ளது. மருத்துவர் கூறாத மருந்தை உண்ணற்க. கூறிய நாளளவும் உண்பதை இடையில் நிறுத்தற்க. நோயாளியைக் காணுமுன்னும் கண்டபின்னும் கைகளைத் தூய்மை செய்க. சிறிதென்று இகழ்ந்த பகையே பெருங்கேடு விளைக்கும் அன்றோ!