கோணல் ஹேண்டில்பாரை வீட்டிலேயே நிமிர்த்தலாம்!
நூல், ஸ்பேனர் போதும். அலுமினியம் என்றால் ஆபத்து

சிட்லபாக்கம்,

சைக்கிள் விழுந்தால் முதலில் அடி வாங்குவது ஹேண்டில்பார்தான். சக்கரம் ஒரு பக்கம் பார்க்கும். ஹேண்டில்பார் இன்னொரு பக்கம் பார்க்கும். அப்படியே மிதித்துக்கொண்டு குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறினால் கதி என்ன? பின்னால் வருவது பஸ்சும் லாரியும்!

அந்தக் காலத்தில் விளக்கு இல்லாத சைக்கிளைப் போலீசார் பிடித்தார்கள். கோணல் ஹேண்டில்பாரை யார் பிடித்தார்கள்?

சிட்லபாக்கம் 2021-ம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஊர் மாநகராட்சி ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சைக்கிள்தான் வண்டி. 2001-2002ல் தொடங்கிய அரசின் இலவச சைக்கிள் திட்டத்தில் வந்த வண்டிகளும் ஏராளம்.

கோணலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குழாய் வளையாமல் ஹேண்டில்பார் மட்டும் திரும்பிக்கொள்வது. இதற்குக் கடைக்கு ஓட வேண்டாம்.

ஹேண்டில்பாரின் கழுத்து உச்சியில் ஒரு போல்ட் இருக்கும். அதை இரண்டு, மூன்று சுற்று தளர்த்த வேண்டும். அதன் தலையில் மரக்கட்டையை வைத்து ஒரு தட்டு. உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு விட்டுக்கொடுக்கும். முன் சக்கரத்தை முழங்கால் இடுக்கில் பிடித்துத் திருப்பினால் வழிக்கு வரும். கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுகள் இருக்கும். அவற்றைத் தளர்த்தினால் போதும்.

நூல் சொல்லும் கணக்கு

கண்ணை நம்ப வேண்டாம். வலது கைப்பிடி நுனியில் இருந்து வலது பக்க அச்சு நட்டு வரை நூல் பிடியுங்கள். இடது பக்கமும் அதே அளவு வர வேண்டும். நேர் முன்னால் நின்று செல்போனில் ஒரு படம் எடுத்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது வகை, குழாயே வளைவது. இங்கேதான் உஷார்! வீட்டில் கிடக்கும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். வளைந்த அலுமினியத்தை நிமிர்த்தவே கூடாது. முன்னறிவிப்பு இல்லாமல் படக்கென்று முறியும்.

இரும்பு என்றால், லேசான வளைவை மட்டும் நிமிர்த்தலாம். கைப்பிடியையும் பிரேக்கையும் கழற்றிவிட்டு, ஒரு அங்குல தண்ணீர்க் குழாயைச் செருகி மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். நெருப்பில் காட்டக்கூடாது, சுத்தியல் அடியும் கூடாது. அதுவும் ஒரே ஒரு முறைதான்.

நிமிர்த்திய இடத்தைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை அளவு கீறல் தெரிந்தாலும் பழைய இரும்புக் கடையில் போட வேண்டியதுதான்.