திட்டங்களுக்கு ஓர் அலுவலகம்: தங்கவயல் தரும் பாடம்

ஆண்டர்சன்பேட்டை உள்ளிட்ட கோலார் தங்கவயல் பகுதிக்கு மின்னாற்றல் வந்து சேர்ந்தது 1902 ஜூன் மாத இறுதியில். காவிரியின் சிவசமுத்திரத்தில் உற்பத்தியாகி, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளக் கம்பித்தடத்தில் அது சுரங்கங்களை அடைந்தது. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்தடங்களுள் அதுவும் ஒன்று.

பணியின் உரிமையாளர் மைசூர் அரசு. நீர்ச்சுழலிகளை வழங்கியது சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ். மின் இயந்திரங்களை வழங்கியது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக். வாங்குவோரோ, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்க நிறுவனங்கள். ஆற்றுப்பணி முடிந்து இயந்திரம் வராவிட்டாலும், இயந்திரம் வந்து கம்பித்தடம் முடியாவிட்டாலும் முதலீடு முடங்கியிருக்கும். இத்தனையையும் ஒரே கால அட்டவணைக்குள் இணைக்கும் பொறுப்பு மைசூர் அரசின் பொறியாளர் ஜோலி டி லாட்பினியரிடம் இருந்தது. அவருக்குத் துணைநின்ற திவான் சேஷாத்ரி ஐயர் 1901-இல் மறைந்தார், பணி நிற்கவில்லை.

இத்தகைய இணைப்புப் பொறுப்பை ஒரு தனிமனிதரின் திறமைக்கு விட்டுவிடாமல், நிறுவனத்தின் நிலையான அங்கமாக ஆக்குவதே இன்று 'திட்ட மேலாண்மை அலுவலகம்' எனப்படுகிறது. பெயர் பெரிது, தொடக்கத்தில் இரண்டு மூன்று பேர் போதும்.

அதை அமைக்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, அது யாருக்குக் கீழ் இயங்கும் என்பதே. தலைமைச் செயல் அலுவலருக்கோ நிர்வாகக் குழுவுக்கோ நேரடியாகப் பதில் சொல்லும் அலுவலகமே பயன்தரும். ஏதேனும் ஒரு துறைக்குள் வைத்துவிட்டால், அத்துறையின் தாமதங்கள் அறிக்கைகளில் மென்மையாகிவிடும். மனித இயல்பு அப்படி.

அடுத்தது அதிகாரம். படிவங்களும் ஆலோசனையும் மட்டும் தருவது ஒரு வகை. விதிமுறைகளைப் பின்பற்றுமாறு வலியுறுத்துவது மற்றொன்று. திட்டங்களைத் தானே நடத்துவது மூன்றாவது வகை. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது எம் கருத்து. எனினும் அதற்கு ஓர் உரிமை கட்டாயம் வேண்டும்: ஒரு கட்டம் முடிந்ததைச் சரிபார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் பணம் விடுவிக்கப்படுவதைத் தடுக்கும் உரிமை. அது இல்லையெனில் அவ்வலுவலகம் அறிக்கை தட்டச்சு செய்யும் மேசையாகவே எஞ்சும்.

தங்கவயலிலேயே இதற்கு இன்னொரு முன்னோடியும் உண்டு. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களுக்குத் தனித்தனி இயக்குநர் குழுக்களும் பங்குதாரர்களும் இருந்தனர். மேலாண்மையை மட்டும் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஒரே நிறுவனம் கவனித்தது. உரிமை வேறு, ஒருங்கிணைப்பு வேறு என்பதை அவ்வமைப்பு தெளிவாகக் காட்டுகிறது.

வாடிக்கையாளருக்கு இதில் உள்ள அக்கறை வட்டியில் தெரியும். பத்து கோடி ரூபாய்க் கடனை முழுவதும் பெற்று, ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் தொழிற்கூடம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தி ஆறு மாதம் தள்ளிப்போனால் ஏறத்தாழ 50 லட்சம் ரூபாய் வட்டி, வருமானம் ஏதுமின்றியே கூடிவிடும். அந்தச் சுமைக்கு முன் இருவரின் ஊதியம் சிறிதே.

பணிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், மாதம் ஒருமுறை ஒரே வடிவில் அறிக்கை, மாற்றங்களுக்கு எழுத்துமூல ஒப்புதல் ஆகியவற்றோடு தொடங்கலாம். விலையுயர்ந்த மென்பொருள் பின்னர் வரட்டும். பல நிறுவனங்கள் அதைத்தான் முதலில் வாங்கிவிடுகின்றன! ஓரிரு திட்டங்களில் இம்முறையைப் பழகிய பின்னரே மற்றவற்றுக்கு விரிவாக்குதல் நன்று. ஒவ்வொரு மாத அறிக்கையின் படியையும் உங்கள் கடன் கிளைக்கு அனுப்பி வாருங்கள். தவணைக் கால நீட்டிப்பு தேவைப்பட்டால், அதைத் தாமதம் முற்றுவதற்கு முன்பே பேசித் தீர்க்க அது உதவும்.