உங்களுக்குத் தெரியுமா? – குடல் சளியும் புழுக்களும்

★ சளி என்றதும் மூக்கும் நெஞ்சும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நம் குடல் நெடுகிலும் உள்பக்கம் சளி பூசியிருக்கிறது! இதைச் சுரப்பவை ‘கோப்லெட்’ செல்கள். பெருங்குடலில் இது இரண்டு அடுக்கு. தளர்வான மேலடுக்கில் பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்தும். செல்களை ஒட்டிய இறுக்கமான உள்ளடுக்கில் அவை அநேகமாக நுழைவதில்லை.

★ சளிக்குப் பிசுபிசுப்பு தருவது ‘மியூசின்’ என்ற புரதம். அதன் எடையில் பெரும்பங்கு சர்க்கரைதான். சீதபேதி உண்டாக்கும் அமீபா, குடல் செல்லின் மேலுள்ள சர்க்கரையைப் பற்றிக்கொண்டுதான் அதைக் கொல்லும். அதே வகைச் சர்க்கரை சளியிலும் இருப்பதால், பல நேரம் சளியைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறது!

★ அமீபாவிடம் மாற்று வழியும் உண்டு. சர்க்கரை மூடாத இடமாகப் பார்த்து மியூசினை வெட்டும் நொதியை அது சுரக்கிறது. சளி கரைந்தால் செல்லுக்குப் பாதை திறந்துவிடும்.

★ புழு வந்திருப்பதை முதலில் மோப்பம் பிடிப்பவை ‘டஃப்ட்’ செல்கள். 1956-லேயே கண்ணில் பட்ட இவற்றின் வேலை என்ன என்பது 2016-ல்தான் தெளிவானது. இவை தகவல் அனுப்பியதும் கோப்லெட் செல்கள் பெருகும், சளியும் நீரும் கூடும், குடல் தசை வேகமாகச் சுருங்கும். புழு வெளியே தள்ளப்படும்.

★ வழக்கமாக இரைப்பையிலும் மூச்சுக்குழாயிலும் சுரக்கும் ஒருவகை மியூசின், சாட்டைப்புழு தொற்றிய எலியின் குடலிலும் சுரக்கத் தொடங்குகிறது. அந்த மியூசின் இல்லாத எலிகளுக்கு, மற்ற எதிர்ப்புச் சக்தி பலமாக இருந்தும், புழுவை வெளியேற்ற முடியவில்லை. இது 2011-ல் வெளியான கண்டுபிடிப்பு.

★ சாட்டைப்புழு மட்டும் சும்மா இருக்குமா? மெல்லிய முன்பாகத்தைக் குடல் சுவருக்குள் நுழைத்துக்கொண்டு, சளியைச் சிதைக்கும் நொதியை அதுவும் சுரக்கிறது. போதாததற்கு, அதன் முட்டை பொரிய நம் குடல் பாக்டீரியாக்களே உதவுகின்றன!

★ உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு மண்வழிப் புழுத்தொற்று இருக்கிறது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தரும் அல்பெண்டசோல் மாத்திரை உருளைப்புழுவை நன்றாக ஒழிக்கும். சாட்டைப்புழுவிடம் ஒரே மாத்திரை அவ்வளவாகப் பலிப்பதில்லை. அதன் முட்டை மண்ணில் சில வாரம் முதிர்ந்த பிறகே தொற்றும் என்பதால், கழிப்பறையும் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும்தான் அதற்கு முதல் மருந்து.