தனித்தனியாக ஏழரை நாள்... சேர்ந்தால் ஐந்தே நாள்!

குமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையே இருக்கும் கடற்கரைக் கிராமம், இனயம். கடலில் மீன், கரையில் தென்னை. கதம்பையைத் தும்பாக்கிக் கயிறு திரிப்பது இந்தக் கடலோரத்தின் பழைய தொழில். இப்படிப்பட்ட ஊர்களில் சிறு தொழில் செய்பவர்களுக்குப் பெரிய ஆர்டர் வந்தால், தனியாக முடிக்க முடிவதில்லை. பக்கத்துப் பட்டறையோடு சேரலாம் என்றால், ‘லாபத்தை எப்படிப் பிரிப்பது?’ என்ற சந்தேகம். இரண்டுக்கும் ஒரு தாளில் போடும் கணக்கே வழிகாட்டும்.

ஒரு தாள் கணக்கு

புரிந்துகொள்வதற்காக ஓர் உதாரணம். முதல் பட்டறை ஒரு நாளில் 12 கட்டு கயிறு திரிக்கும். அல்லது 4 மிதியடி நெய்யும். இரண்டாவது பட்டறை 6 கட்டு கயிறு, அல்லது 6 மிதியடி. 60 கட்டு கயிறும் 30 மிதியடியும் 6 நாளில் வேண்டும் என்று ஆர்டர் வருகிறது.

‘ஆளுக்குப் பாதி’ என்று பிரித்தால், முதல் பட்டறைக்கு ஆறேகால் நாள், இரண்டாவதுக்கு ஏழரை நாள் ஆகும். கெடு தப்பி, ஆர்டர் கைவிட்டுப் போகும். கயிறு முழுவதையும் முதல் பட்டறையும், மிதியடி முழுவதையும் இரண்டாவதும் செய்தால், இருவருக்கும் 5 நாள்தான். புது இயந்திரம் இல்லை, கூடுதல் ஆளும் இல்லை.

சண்டை எங்கே வரும்?

ஒரு கட்டு கயிற்றில் லாபம் 50 ரூபாய், ஒரு மிதியடியில் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பாதி செய்திருந்தால் ஆளுக்கு 4,500 ரூபாய். வேலையைப் பிரித்துச் செய்தபோதோ முதல் பட்டறைக்கு 3,000, இரண்டாவதுக்கு 6,000. மொத்தம் அதே 9,000-தான். ஆனால், முதல் பட்டறைக்காரர் அடுத்த முறை வரமாட்டார். இரண்டாமவர் 1,500 ரூபாயை அவருக்குக் கொடுத்தால் கணக்கு நேராகும். சேர்வதால் யாருக்கும் தனித்திருப்பதைவிடக் குறையக் கூடாது. கூட்டு நிலைப்பதற்கு அடிப்படை இதுதான்.

பத்துப் பட்டறை, பல பொருள்கள் என்றால் மனக்கணக்கு போதாது. 1939-ல் சோவியத் கணிதவியலாளர் லியோனிட் கன்டரோவிச், ஒட்டுப்பலகைத் தொழிலில் 8 இயந்திரங்களுக்கு 5 வகை மரத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விக்கு வழி கண்டார். ‘நேரியல் திட்டமிடல்’ எனப்படும் அந்த முறை உட்பட்ட பணிக்காக 1975-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. இன்று கணினியில் உள்ள எக்செல்லிலேயே இதைப் போடலாம்.

மீனவர்கள் காட்டிய வழி

சேர்ந்து செய்வது இந்தக் கடலோரத்துக்குப் புதிதல்ல. முன்பணம் கொடுத்த வியாபாரி சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்க வேண்டிய நிலையை மாற்ற, மீனவர்கள் கிராமச் சங்கங்களை அமைத்தார்கள். ஏலத்தைச் சங்கமே நடத்தியது. கடனுக்கான தவணையை அன்றன்றைய விற்பனையிலேயே பிடித்துக்கொண்டது. கிராமச் சங்கங்கள் மாவட்ட அளவில் இணைந்தன. அவற்றுக்கு மேல், 1980-ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. ஒரு கிராமத்தால் தனியாக முடியாத படகு கட்டும் தளம், இயந்திரப் பழுதுபார்ப்பு போன்றவை இந்தக் கூட்டால் சாத்தியமாயின.

தொடங்கும் முன்...

* ஒவ்வொருவரும் ஒரு நாளில் என்ன, எவ்வளவு செய்ய முடியும் என்பதை உண்மையாக எழுதுங்கள். மிகைப்படுத்தினால் எல்லோருடைய கெடுவும் தப்பும்.
* எந்த வேலை தேங்குகிறது என்று பாருங்கள். உலர்களமா, இயந்திரமா, வண்டியா? அதை வைத்தே மற்றதைத் திட்டமிடுங்கள்.
* பங்கு பிரிக்கும் முறையை ஆர்டர் வரும் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள்.
* கூட்டு உறுதியானபின் பதிவு செய்யலாம். 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே, சட்டப்படி உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்க முடியும்.

முதல் முறை சிறிய ஆர்டராக எடுங்கள். முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் கணக்கை வாசியுங்கள். அதில் யாருக்கும் குறை இல்லையென்றால், அடுத்த ஆர்டருக்கு அவர்களே வந்து நிற்பார்கள்.