முன் சக்கரத்துக்கு ஒரு பூட்டு

ஐப்பசி மழை இரண்டு நாள் கொட்டினால் போதும், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசல் பாதையில் பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கு நாலு சக்கர இழுவை மேல் திடீர் பக்தி வந்துவிடும். கூடவே வரும் கேள்வி: "தனியா ஒரு லாக்கிங் ஹப் வாங்கி மாட்டினா வண்டி சேத்துல மாட்டாதாமே? மைலேஜும் கூடுமாமே?"

முதலில் ஒரு வடிகட்டல். சிவகாசியில் பட்டாசுப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஓடும் டாடா ஏஸ், தோஸ்த், பெரும்பாலான பொலிரோ பிக்கப் எல்லாம் பின்சக்கர இழுவை வண்டிகள். முன் சக்கரத்துக்கு ஷாஃப்ட்டே கிடையாது. ஹப் மாட்ட இடமும் இல்லை. பேச்சு பொலிரோ கேம்ப்பரின் ஃபோர் வீல் ரகம், பழைய மஹிந்திரா ஜீப், ஜிப்சி போன்றவற்றைப் பற்றி மட்டும்.

இந்த ரக வண்டிகள் தார்ச்சாலையில் பின்சக்கர இழுவையில்தான் ஓடும். முன் ஆக்சிலுக்கு என்ஜினிலிருந்து எதுவும் போகாது. ஆனால் சக்கரம் ஷாஃப்ட்டோடு நிரந்தரமாக இணைந்திருந்தால், அது உருளும்போதெல்லாம் ஷாஃப்ட், கிரவுன், முன் புரொபெல்லர் ஷாஃப்ட் அத்தனையும் சும்மா சுற்றும். எள் போடாத செக்கு. சக்கரம்தான் மாடு. நாளெல்லாம் சுற்றியும் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. தீவனமாக டீசல் போகிறது, செக்கு தன்னையே தேய்த்துக்கொள்கிறது. லாக்கிங் ஹப்தான் பூட்டாங்கயிறு. அவிழ்த்துவிட்டால் மாடு தன் பாட்டுக்கு நடக்கும், செக்கு நிற்கும். சேற்றில் கயிற்றைக் கட்டியதும் செக்கு மாட்டை இழுக்கத் தொடங்கும். இந்த இடத்தில் விருதுநகர் எண்ணெய்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரு மாட்டைப் பூட்டிவிட்டு மற்றதை மறந்தால் இன்னும் வேடிக்கை: டிஃபரன்ஷியல் அவிழ்ந்த பக்கத்து ஷாஃப்ட்டை மட்டும் சுழற்றும், முன்பக்க இழுவை பூஜ்யம்.

ஹப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் சுவாரசியம். வெளிக்கூடு சக்கரத்தோடு போல்ட்டில் இறுகியிருக்கிறது. உள்ளே, ஷாஃப்ட் முனையின் ஸ்ப்ளைன் பற்களில் ஒரு பல்வளையம். இரண்டையும் இணைக்க, நடுவில் வழுக்கி நகரும் இன்னொரு வளையம். டயலை 'ஃப்ரீ'யிலிருந்து 'லாக்'குக்குத் திருப்பும்போது பல்லுக்கு நேரே பல் நின்றால்? எவ்வளவு அழுத்தினாலும் நுழையாது. அதனால் டயல் வளையத்தை நேரடியாகத் தள்ளுவதில்லை. ஒரு ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங் காத்திருக்கும். வண்டி கொஞ்சம் நகர்ந்து, பல்லுக்கு நேரே பள்ளம் வந்த நொடியில், டக். சென்சார் கிடையாது, ஒயர் கிடையாது. ஓட்டுநர் மழையில் இறங்கி இரு பக்கமும் திருப்ப வேண்டும் என்பதுதான் இதற்குக் கூலி.

வரலாறு? இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட வில்லிஸ் ஜீப்புகளுக்காக, 1948-இல் சியாட்டிலில் தொடங்கிய வார்ன் நிறுவனம் ஹப் விற்றுப் பேர் வாங்கியது. அந்தக் காலத்திலேயே வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா இங்கே பாகம் சேர்த்து விற்றது. போதும்.

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். உராய்வு குறைவது உண்மை. மைலேஜ் கூடுவதும் உண்மை, ஆனால் சொற்பம். டயரில் காற்று குறைந்தால் அந்த லாபம் காணாமல் போகும். சேற்றுக்கும் ஹப் புதிதாக எதையும் கூட்டுவதில்லை. இருக்கிற நாலு சக்கர இழுவையை அவிழ்க்கவும் பூட்டவும் மட்டுமே உதவும். அதிலும் கரிசல் களிமண் தண்ணீர் பட்டதும் உப்பி டயரின் பட்டன் இடுக்குகளை அடைத்துவிடும். இரண்டு சக்கரம் வழுக்கிய இடத்தில் நாலும் வழுக்கும்.

ஹப்பை மாற்றுவதற்கு நியாயமான காரணம் வேறு. சில வண்டிகளில் ஹப்பைப் பூட்டுவது வேக்குவம். சேறு தின்ற ரப்பர் வளையத்தில் காற்று கசிந்தால் ஹப் பூட்டாது. ஆனாலும் டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு எரியும், ஏனென்றால் பல வண்டிகளில் அந்த விளக்குக்குத் தெரிந்தது முன் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் மட்டும்தான். இப்படிப்பட்ட வண்டிக்குக் கையால் திருப்பும் ஹப் நல்ல மாற்று. கடைக்குப் போகுமுன் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் பற்களை எண்ணிக்கொள்ள வேண்டும். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகலாம். மாட்டிய பிறகு மாதம் ஒருமுறை பூட்டிச் சில கிலோமீட்டர் ஓட்டினால் முன் ஆக்சிலுக்குள் எண்ணெய் பரவும். பழைய வேக்குவம் குழாயின் வாயை மறக்காமல் அடைக்க வேண்டும்: டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கும் வேக்குவம் வருவது அதே பம்பிலிருந்துதான்.